பரியேறும் பெருமாள் படத்துல திரும்ப திரும்ப வர்ற காட்சிகள் பத்தி காலேஜ் கட்டுரை, எழுதுனா வெறும் லிஸ்ட்டா போயிருது, யாராவது வழி சொல்லுங்க

பாளை_விஸ்காம்:

வணக்கம் எல்லாருக்கும். பாளையங்கோட்டைல விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) மூணாவது வருசம் படிக்கேன். சினிமா ரசனை பேப்பருக்கு ஒரு கட்டுரை குடுக்கணும், 1500 வார்த்தை, ஏதாவது ஒரு படத்துல திரும்ப திரும்ப வர்ற காட்சி மோட்டிஃப் பத்தி எழுதணும், படம் நம்ம இஷ்டம். கிளாஸ்ல பாதி பேரு கொரியன் படம் ஈரான் படம்னு போய்ட்டாங்க, நான் பரியேறும் பெருமாள் எடுத்துக்கிட்டேன், ஏன்னா ஊரும் பேச்சும் நமக்கு தெரிஞ்சது, மாரி செல்வராஜோட முதல் படம், 2018ல வந்தது, இங்க எல்லாரும் பாத்திருப்பீங்க. பாக்காதவங்களுக்கு: பரிங்கற தலித் பையன் சட்டம் படிக்க காலேஜுக்கு வர்றான், கூட படிக்கற மேல்சாதி பொண்ணு ஜோ அவன்ட்ட பிரியமா பழகுறா, அவ வீட்டு ஆளுங்களுக்கு அது பொறுக்கல, அதான் கதை.

பிரச்சனை என்னன்னா இந்த படத்துல மோட்டிஃப்புக்கு பஞ்சமே இல்ல. நோட்டுல எழுத எழுத வந்துக்கிட்டே இருக்கு. கருப்பிங்கற பரியோட நாய், தண்டவாளம், நீல கலரு, குளத்து தண்ணி, மூத்திரம், பரி அப்பாவோட பொம்பள வேசம், சாதிக்காக கொல பண்ற அந்த தாத்தா, பஸ்சு, கடைசில வர்ற டீ கிளாஸ், நடுவுல இருக்கற பூ, உடங்காடு, இன்னும் இருக்கு. எல்லாத்தையும் போட்டு ஒரு டிராஃப்ட் எழுதி எங்க சார்ட்ட காட்டுனேன். முதல் பாரா இப்படி இருந்துச்சு:

"நீல நிறம் அம்பேத்கரியத்தைக் குறிக்கிறது. கருப்பி ஒடுக்கப்பட்ட மக்களைக் குறிக்கிறது. தண்டவாளம் சாதியைக் குறிக்கிறது. தேநீர்க் குவளைகள் சமத்துவத்தைக் குறிக்கின்றன."

சார் திட்டல்லாம் இல்ல. ஒவ்வொரு வரிக்கு அடியிலயும் செவப்பு மையில கோடு போட்டு, ஓரத்துல "சரி, அப்புறம்?"னு எழுதி குடுத்துட்டாரு. அந்த அப்புறம் என்னன்னுதான் மண்டைய ஒடைக்கேன்.

இன்னும் ரெண்டு சந்தேகம். எங்க சார் வடக்க இருந்து வந்தவரு, நம்ம பக்கத்து கோயில் கொடை திருவிழா, கூத்து, குளம் இதெல்லாம் அவருக்கு அவ்வளவா பழக்கம் இல்ல, அத கட்டுரைல எவ்வளவு தூரம் விளக்கலாம்? அப்புறம் டைரக்டரு பேட்டில சொன்னத எடுத்து போட்டா நல்லதா, இல்ல காப்பி அடிச்ச மாதிரி ஆயிருமா? கொஞ்சம் சொல்லுங்க அண்ணாச்சி, அக்கா யாரா இருந்தாலும்.

எடிட்_டேபிள்:

உங்க சார் நல்ல ஆளு தங்கச்சி, அந்த ஒத்த கேள்வில எல்லாம் இருக்கு.

கருப்பி யாருன்னு படம் பாக்கற எல்லாருக்கும் தெரியும், ஏன்னா படமே வாய் விட்டு சொல்லிருது. கடைசில ஜோவோட அப்பாட்ட பரி பேசுவான்ல, நான் நாயாத்தான் இருக்கணும்னு நீங்க எதிர்பாக்கற வரைக்கும் இங்க ஒண்ணும் மாறாதுங்கற மாதிரி. படம் சொன்னத நாம திருப்பி சொன்னா அதுல என்ன அலசல் இருக்கு. ஒரு பொருளு மொத தடவ வரும்போது எப்படி இருந்துச்சு, மறுபடி வரும்போது என்ன மாறியிருக்கு, கடைசியா எங்க போய் நிக்கி, அந்த மாத்தத்தத்தான் எழுதணும். மாறாம சும்மா வந்துட்டு போற பொருள லிஸ்ட்ல இருந்து அடிச்சிரு, பாதி பாரம் கொறஞ்சிரும்.

தண்டவாளத்த மட்டும் எடுத்து சொல்லுதேன் பாரு. மொத தடவ, குளத்துல நாய குளிப்பாட்டிக்கிட்டு இருக்கறவங்க மத்த ஆளுங்க வர்றத பாத்து வம்பு வேண்டாம்னு ஒதுங்கி போறாங்க, அப்படி ஒதுங்கி போன பொறவும் விடாம கருப்பிய புடிச்சு தண்டவாளத்துல கட்டி போட்டுருக்கானுவ, பரி ஓடி வாரான், ரயிலு முந்திக்கிடுது. கடைசிப் பக்கம் அதே மாதிரி ஒரு தண்டவாளம், இப்போ அந்த தாத்தா பரிய அடிச்சு மயக்கமா கொண்டு வந்து போட்டுருக்காரு, கருப்பி கிடந்த எடத்துல பரி கிடக்கான். கருப்பிதான் வந்து எழுப்புது. அதுக்கு அப்புறம் மூணாவதா ஒண்ணு இருக்கு, அத நெறைய பேரு கட்டுரைல விட்டுருவாங்க: காரியம் நடக்கலன்னு ஆனதும் அந்த தாத்தாவே போய் ரயிலுக்கு தலைய குடுத்துருதாரு. நாயி, பையன், கொலகாரன்னு மூணு ஒடம்பும் ஒரே எடத்துக்கு வருது. இப்போ "தண்டவாளம் சாதியைக் குறிக்கிறது"ன்னு ஒரே வரில முடிக்க முடியுமா?

இன்னும் கொஞ்சம் தோண்டு. அந்த தாத்தா படம் முழுக்க பண்ணுத கொலைய எல்லாம் வரிசையா எழுதி பாரு. ஆத்துல ஒண்ணு, பஸ்சுல ஒண்ணு, ஒரு பொம்பளப்பிள்ளைய தூக்குல. வெளிய இருந்து பாத்தா எதுவுமே கொல கிடையாது, விபத்து இல்லன்னா தற்கொலை. தண்டவாளமும் அந்த வரிசைலதான் வருது. கட்டுன கை ஒண்ணு, கொன்னது ரயிலு, கேஸ் எழுதும்போது கை காணாம போயிரும். என்னைய கேட்டா இந்த படத்துல தண்டவாளம்ங்கறது கொலைய விபத்தா மாத்தி குடுக்கற எடம். இது உனக்கு ஒரு வாதம். இத வச்சு 1500 வார்த்தை தாராளமா ஓட்டலாம், மத்த பொருளெல்லாம் துணைக்கு வந்தா வரட்டும்.

வேலை எப்படி செய்யணும்னா, மொதல்ல ஒரு தடவ நோட்டே இல்லாம பாரு. மறுபடி பாக்கும்போது நிப்பாட்டி நிப்பாட்டி, எத்தன நிமிசத்துல வருது, ஃப்ரேம்ல எந்த பக்கம் இருக்கு, கேமரா தூரமா கிட்டயா, அந்த நேரம் அத யாரு பாக்காங்க, முன்னாடி என்ன ஷாட்டு, பின்னாடி என்ன ஷாட்டு, இத எழுதி வை. யாரு பாக்காங்கங்கறது ரொம்ப முக்கியம், அத மட்டும் விட்டுராத. ஒரே பொருள பரி பாக்கறதுக்கும், நாம மட்டும் பாக்கறதுக்கும் நெறைய வித்தியாசம் இருக்கு. அந்த தாத்தா செய்யற கொலைய எல்லாம் நாமதான் பாக்கோம், படத்துக்குள்ள இருக்கறவங்க பாக்கல.

ஜங்ஷன்_ராசா:

சும்மா இருங்கப்பா. செய்துங்கநல்லூர் தாண்டி திருச்செந்தூர் ரூட்ல போய் பாருங்க, உடைமரம், பனை, தண்டவாளம், இதான் இருக்கு. அங்க கேமராவ எந்த பக்கம் திருப்புனாலும் தண்டவாளம் விழத்தான் செய்யும். இருக்கறத எடுத்தாரு, நீங்க உக்காந்து வாதம், ஒடம்பு, காணாம போன கைன்னு கோட்டி புடிச்சு அலையுதீங்க. டீ கிளாஸ்ல டீ தான் இருந்துச்சு.

பாளை_விஸ்காம்:

எடிட் அண்ணாச்சி ரொம்ப நன்றி, தாத்தா கடைசில அங்கயே போய் விழுறத நான் நோட்டுலயே எழுதல, இப்பதான் பாக்கேன்.

ராசா அண்ணாச்சி, நீங்க சொல்றது வாஸ்தவம்தான், லேண்ட்ஸ்கேப்னு ஒண்ணு இருக்கு. ஆனா பனையும் உடைமரமும் கூட அதே அளவு இருக்கே, பனைல யாரையும் கட்டிப் போடலயே? எதுக்கு சும்மா இருந்தது, எதுக்கு கதைக்குள்ள வேலை குடுத்துருக்காங்கன்னு பிரிச்சுக்கலாம்னு தோணுது. இத உங்க பேர சொல்லாம கட்டுரைல எழுதிக்கிடுதேன் 😄

ஜங்ஷன்_ராசா:

பேரையே போட்டுக்க, எனக்கென்ன. பனை பாயிண்ட் நல்லாத்தான் இருக்கு.

அம்பை_டீச்சர்:

நான் பள்ளிக்கூடத்துல தமிழ் எடுக்கறேன், சினிமா என் பாடம் இல்ல, ஆனா பிள்ளைங்க கட்டுரைய திருத்தி திருத்தி பழக்கம் இருக்கறதால சொல்றேன்மா. எடிட் தம்பி சொன்ன வழி சரி. தண்டவாளம் மட்டும் எனக்கு கொஞ்சம் தயக்கம், ஏன்னா இந்த படத்த எடுத்தா முக்கால்வாசி பேரு அதத்தான் எழுதுவாங்க. நான் எழுதறதா இருந்தா உன் லிஸ்ட்ல ரொம்ப கூச்சத்தோட நடுவுல சொருகி வச்சிருக்கியே, மூத்திரம்னு, அத எடுப்பேன். தனியா எடுக்காம தண்ணியோட சேத்து எடுப்பேன்.

மொத எடம் குளம். வெட்டவெளி, வெயிலு, ஆளுங்க ஒதுங்கி போன பொறவு அந்த தண்ணில பேயுறானுவ. ஒடம்பு மேல படல, அவங்க பொழங்குற தண்ணி மேல பட்டுருக்கு. அடுத்தது கல்யாண வீடு. ஜோ ஆசையா கூப்பிட்டுருக்கா, பரி நல்ல சட்ட போட்டு வந்துருக்கான், தனியா ஒரு ரூமுக்கு கூட்டிட்டு போறாங்க, அங்க வச்சு அடிச்சு அவன் மேலயே பேயுறாங்க. வெட்டவெளில நடந்தது இப்ப பூட்டுன ரூமுக்குள்ள வந்துருச்சு, தண்ணில பட்டது இப்ப ஒடம்புல பட்டுருச்சு. வெளிய கல்யாணம் அது பாட்டுக்கு நடக்கு. கொடுமை என்னன்னா பரி இத ஜோட்ட சொல்லவே மாட்டான். அப்புறம் அப்பா. அவரு கூத்துல பொம்பள வேசம் கட்டி ஆடுறவரு, பையனுக்காக காலேஜுக்கு வர்றாரு, அவரு வேட்டிய உருவி ரோட்டுல ஓட விடுறாங்க. இங்க தண்ணியும் இல்ல மூத்திரமும் இல்ல, ஆனா அதே கைதான். பூட்டுன ரூமுல நடந்தது இப்ப பட்டப்பகல்ல நடுரோட்டுக்கு வந்துருக்கு. குளம், ரூம், ரோடுன்னு அவமானம் எடம் மாறிக்கிட்டே போறத நீ எழுதுனா உங்க சார் அந்த "அப்புறம்?"ங்கறத கேக்க மாட்டாருன்னு நினைக்கேன்.

இதுல கதவ மட்டும் தனியா கவனிச்சாலும் நல்லா இருக்கும். பரிய பொம்பளப்பிள்ளைங்க டாய்லெட்டுக்குள்ள தள்ளி விடுறாங்க, கல்யாண வீட்டு ரூமு, பிரின்சிபால் ரூமு. முதல் ரெண்டு ரூமும் அவன அசிங்கப்படுத்துது. மூணாவது ரூமுல பூ ராமு நடிச்ச பிரின்சிபால், தன் கதைய சொல்லி இவன நிமுத்தி விடுறாரு. ஒரே மாதிரி மூடுன ரூமு, உள்ள யாரு இருக்காங்கங்கறத பொறுத்து வேற ஆயிருது.

ஊர் விசயம் கேட்டல்லா. எழுது, ஆனா படத்துல உள்ளத விளக்குறதுக்கு மட்டும் எழுது. நம்ம பக்கம் கணியான் கூத்துல ஆம்பளைங்கதான் பொம்பள வேசம் கட்டி ஆடுவாங்க, மகுடம் அடிச்சு பாடுவாங்க, சுடல கோயில் கொடைல அவங்க இல்லாம முடியாது. வேசம் கட்டி ஆடுறது நம்ம ஊர்ல கோயில் சார்ந்த மரியாதையான தொழிலாவும் இருக்குன்னு ஒரு வரி சொன்னா, அப்பாவ அவமானப்படுத்துற சீனோட கனம் வெளியூர் ஆளுக்கு புரியும். அதுக்காக கணியான் கூத்தோட முழு வரலாற எழுதிராத. படத்துல வர்றது கணியான் கூத்துதான்னும் எழுதிராத, ரெண்டும் வேற வேற.

அதே மாதிரி ஆத்துல ஒரு பையன் சாவுறத பாக்கும்போது நம்ம ஊர்க்காரனுக்கு 1999 ஜூலை 23 ஞாபகம் வரும், மாஞ்சோலை டீ எஸ்டேட் தொழிலாளிகளுக்காக கலெக்டர் ஆபீசுக்கு ஊர்வலம் போனப்ப போலீஸ் தடியடி நடத்தி தாமிரபரணில 17 பேரு செத்தாங்க. எனக்கும் வருது. ஆனா அது நம்ம மனசு சேத்துக்கறது, படம் அந்த சீன்ல அத காட்டல. வேணும்னா "இந்த ஊர்ப் பார்வையாளருக்கு" அப்படின்னு தெளிவா பிரிச்சு ஒரே ஒரு வாக்கியம் எழுது.

பேட்டிய பத்தி: டைரக்டரு சொன்னாருங்கறத ஆதாரமா வைக்காத. ஃப்ரேம்ல நீ பாத்தத முதல்ல எழுதி, அதுக்கு ஒத்து வந்தா பேட்டிய துணைக்கு சேரு, எங்க வந்த பேட்டின்னு சொல்லிரு. அவரு ஒண்ண நினைச்சு எடுத்து, திரையில வேற ஒண்ணு விழுந்திருந்தா, மார்க்கு திரையில விழுந்ததுக்குத்தான்.

எடிட்_டேபிள்:

டீச்சர் குளம் ரூம் ரோடு வரிசை அருமை, நான் இத அப்படி யோசிக்கல. ஆனா தண்டவாளம் எல்லாரும் எழுதுறதுங்கறதுக்காக விட சொல்றத நான் ஒத்துக்கல. எல்லாரும் எழுதுறது மொத தண்டவாளத்த. மூணாவது வரைக்கும் போறவன் கம்மி.

இன்னொண்ணு, தண்டவாளத்துக்கு படத்துக்கு வெளியவும் ஒரு கனம் இருக்கு. 2013ல தர்மபுரி இளவரசன், 2015ல கோகுல்ராஜ், ரெண்டு பேரும் வேற சாதி பொண்ணோட பழகுன தலித் பசங்க, ரெண்டு பேரு ஒடம்பும் தண்டவாளத்து பக்கத்துலதான் கெடைச்சுது. ரெண்டு கேஸும் போன பாதை வேற வேற, ஒண்ணா போட்டு குழப்பக்கூடாது, கோகுல்ராஜ் கேஸ்ல 2022ல மதுரை கோர்ட்டு கொலைன்னு தீர்ப்பு சொல்லி ஆயுள் தண்டனை குடுத்துச்சு. 2018ல தியேட்டர்ல இந்த படம் பாத்தவனுக்கு தண்டவாளம்ங்கறது வெறும் தண்டவாளம் இல்ல. இத ஆத்து விசயம் மாதிரி நம்ம ஊரு மனசுன்னு மட்டும் ஒதுக்க முடியாது, தமிழ்நாடு முழுக்க பேப்பர்ல படிச்சது.

அம்பை_டீச்சர்:

அது நியாயம் தம்பி. அந்த வித்தியாசம் எனக்கு புரியுது. தண்டவாளமே இருக்கட்டும், குளத்த அவ துணைக்கு வச்சுக்கிடட்டும். கருப்பி சாவுக்கு முன்னாடி குளம் வருதுல்லா, ரெண்டும் ஒரே சீன் வரிசைதான்.

மகுடக்காரன்:

எல்லாரும் கண்ணாலயே பேசுதீங்க, காத மறந்துட்டீங்க. தங்கச்சி உன் தலைப்பு காட்சின்னு இருக்கறது தெரியுது, ஆனாலும் ஒரு தடவ படத்த பாக்காம சத்தத்த மட்டும் கேளு, ரயிலு சத்தம் எப்ப ஆரம்பிக்குது, ரயிலு தெரியறதுக்கு முன்னாடியா பின்னாடியா, எந்த எடத்துல அறுத்து விடுறாங்கன்னு குறி. அப்புறம் சத்தத்த அமுக்கிட்டு அதே சீன பாரு. மோட்டிஃப் கண்ணுல பாதி, காதுல பாதி.

அப்புறம் கருப்பி பாட்டு. சந்தோஷ் நாராயணன் போட்டது, அது ஒரு சாவு பாட்டு, ஒப்பாரி மாதிரி. அந்த நாய்க்கு மனுசனுக்கு செய்யற மாதிரி மாலை போட்டு தூக்கிட்டு போயி எல்லாம் செய்வாங்க. இத எடிட் அண்ணன் சொன்ன தாத்தா கொலைகளுக்கு பக்கத்துல வச்சு பாரு. நாய்க்கு ஊரே கூடி ஒப்பாரி வைக்குது, அது கொலைன்னு எல்லாருக்கும் தெரியும். தாத்தா கொன்ன பிள்ளைங்களுக்கு அப்படி ஒரு அழுகைய படம் காட்டவே இல்ல, அது கொலைன்னே யாருக்கும் தெரியாது. இத நான் படம் வந்த நேரத்துல இருந்து சொல்லிக்கிட்டு இருக்கேன், ஒரு பய காதுல வாங்க மாட்டேங்கான்.

நீலத்த பத்தி ஒரு வார்த்த. "நான் யார்" பாட்டுல பரியா நடிச்ச கதிரு முகமெல்லாம் நீலமா வருவாரு, அத பாத்துட்டு எல்லாரும் படத்துல எங்க நீல சட்ட வந்தாலும் அம்பேத்கர்னு எழுதுறாங்க. அந்த பாட்டு எங்க வருது, அதுக்கு முன்னாடி அவனுக்கு என்ன நடந்துருக்குன்னு பாத்துட்டு எழுது. நீல வாளி நீல பக்கெட்டு எல்லாத்தையும் இழுத்துட்டு வராத, ராசா அண்ணாச்சி சிரிப்பாரு.

ஜங்ஷன்_ராசா:

சிரிச்சாச்சு.

கர்ணன்_பஸ்ஸ்டாப்பு:

ஏன் யாருமே கர்ணன் சொல்லல? 2021. அதுல முன்னங்கால கட்டி போட்ட கழுத, முகமூடி போட்ட அந்த சின்னப்பிள்ள, தல இல்லாத சிலை, வாளு, நிக்காம போற பஸ்சு, மோட்டிஃப்னா அதான் மோட்டிஃப். ரெண்டு படத்தையும் ஒப்பிட்டு எழுதுனா இன்னும் மார்க்கு வரும்ல?

எடிட்_டேபிள்:

1500 வார்த்தைல ரெண்டு படமா? ரெண்டும் அரவேக்காடாத்தான் நிக்கும். ஆசையா இருந்தா கடைசில ஒரு வரி: பரியேறும் பெருமாள்ல கட்டி போட்ட நாய காப்பாத்த முடியல, கர்ணன்ல கட்டி போட்ட கழுதைய அவுத்து விட்டுருதாங்க. அதுக்கு மேல இழுக்காத, அது இன்னொரு கட்டுரை.

கர்ணன்_பஸ்ஸ்டாப்பு:

அந்த ஒரு வரியே போதும் அண்ணன், நான் எழுதிருந்தா பத்து பக்கம் ஆயிருக்கும்.

பாளை_விஸ்காம்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. உக்காந்து மறுபடி படம் பாத்தேன், எடிட் அண்ணாச்சி சொன்ன மாதிரி கட்டம் போட்டு எழுதினேன், "யாரு பாக்காங்க"ங்கற கட்டம்தான் ரொம்ப உதவுச்சு. தண்டவாளத்த முதுகெலும்பா வச்சுக்கிட்டேன். குளம் முதல் பகுதில வருது. நீலத்த மொத்தமா விட்டுட்டேன், மனசே இல்ல, ஆனா விட்டுட்டேன். இப்ப ஆரம்பம் இப்படி இருக்கு, கிழிச்சு தொங்க விடுங்க:

"பரியேறும் பெருமாளில் தண்டவாளத்துக்கு மூன்று உடல்கள் வருகின்றன: ஒரு நாய், ஒரு மாணவன், ஒரு கொலையாளி. முதல் உடலைக் கட்டிப்போட்டவர்கள் தப்பித்துக்கொள்கிறார்கள், கொன்றது ரயில். இரண்டாவது உடலையும் அதே வழியில் ரயிலிடம் ஒப்படைக்க முயல்கிறார் முதியவர். அது நடந்திருந்தால் ஊர் அதைத் தற்கொலை என்றே சொல்லியிருக்கும். படம் முழுவதும் அவர் செய்யும் கொலைகளுக்கு நாம் மட்டுமே சாட்சி. பரி கண் விழிக்கும் கணத்தில்தான் அந்தச் சாட்சி முதன்முறையாகப் படத்துக்குள் இருக்கும் ஒருவனுக்குக் கிடைக்கிறது."

கடைசி பகுதிலதான் திணறுதேன். தாத்தா ஏன் அங்கயே போய் சாவுறாரு? "தான் வெட்டிய குழியில் தானே விழுந்தார்"னு எழுதி அடிச்சுட்டேன், அது பழமொழியாட்டம் இருக்கு, ஆனா வேற என்ன எழுதறதுன்னு தெரியல. டீ கிளாஸ அதுக்கு அப்புறம் எப்படி கொண்டு வாரதுன்னும் தெரியல.

அம்பை_டீச்சர்:

ஆரம்பம் ரொம்ப நல்லா வந்துருக்கும்மா. எடிட் தம்பி சொன்னத "நாம் மட்டுமே சாட்சி"ன்னு உன் வார்த்தைல கொண்டு வந்துருக்க, அதத்தான் கடைசி வரைக்கும் புடிச்சுக்கிட்டு போகணும். "ஊர் அதைத் தற்கொலை என்றே சொல்லியிருக்கும்"ங்கறத "சொல்லியிருக்கக்கூடும்"னு மாத்து, படம் காட்டாதத அடிச்சு சொல்லாத.

பழமொழிய அடிச்சது சரி. அத எழுதுனா அவருக்கு தண்டனை கெடைச்சிருச்சுன்னு ஆயிரும். ஆனா பாரு, அவரு பரி கையால சாகல, போலீஸ் புடிக்கல, கோர்ட்டுல நிக்கல. இத்தனைக்கும் பரி படிக்கறது சட்டம். அவரோட சாவும் வெளிய இருந்து பாத்தா தற்கொலை மட்டும்தான், அவரு என்னென்ன செஞ்சாருங்கறது அவரோடயே போயிருது. அப்ப அந்த மூணாவது தண்டவாளமும் மொத ரெண்டு செய்ய வேண்டிய அதே வேலையத்தான் செய்யுது, மறைக்குது. நியாயம் கெடைச்ச மாதிரி தோணும், ஆனா ஒரு கேஸும் பதிவாகல.

எடிட்_டேபிள்:

டீச்சர் சொன்னது எனக்கே புல்லரிச்சுது. அதையே எழுது தங்கச்சி, உன் வார்த்தைல.

டீ கிளாஸுக்கு இப்ப வழி கெடைச்சிருச்சு பாரு. தாத்தாவோட எல்லாம் மறைஞ்சு போயிருது, ஆனா பரி சும்மா போகல, ஜோவோட அப்பாட்ட உக்காந்து பேசுதான். மொத தடவையா நடந்தத வாயால சொல்லுதான். இத்தன நாளு ஜோட்ட மறைச்சவன். அதுக்கு அப்புறம்தான் அந்த ரெண்டு கிளாஸும் நடுவுல பூவும் வர்ற ஷாட்டு. ரெட்ட கிளாஸ் வச்சுருந்த டீக்கடைகள பத்தி உங்க சாருக்கும் தெரிஞ்சிருக்கும், ஒரு வாக்கியம் போதும், சாதி பாத்து தனி கிளாஸ் தனி எடம்னு இருந்துச்சு, இங்க ரெண்டும் பக்கத்து பக்கத்துல ஒரே ஃப்ரேம்ல இருக்கு. ஆனா "சமத்துவத்தைக் குறிக்கின்றன"ன்னு மறுபடி எழுதுனன்னு வை, உங்க சாரு செவப்பு பேனாவ தொறந்துருவாரு. கிளாஸு ரெண்டும் பக்கத்துல இருக்கு, ஆனா தொடல, நடுவுல பூ இருக்கு. அந்த ஷாட்டுல ஆளே இல்லங்கறதையும் கவனி. ஆளுங்க இன்னும் அந்த எடத்துக்கு வரலன்னு நான் படிப்பேன், பூ சேத்து வைக்குதுன்னு இன்னொருத்தரு படிப்பாங்க. எதுன்னு நீயே முடிவு பண்ணு, ஆனா ஒண்ணுக்கு பக்கமா நில்லு, ரெண்டும் சரிதான்னு வழுக்காத.

மகுடக்காரன்:

நான் பூ கட்சி.

பாளை_விஸ்காம்:

நான் எடிட் அண்ணாச்சி கட்சி, நடுவுல எடம் இருக்குன்னுதான் எழுதப்போறேன். டீச்சர் அந்த "கேஸ் பதிவாகல" பாயிண்ட்ட வச்சு பரியோட படிப்ப கொண்டு வந்துட்டேன், படத்தோட தலைப்புலயே பேருக்கு பின்னாடி பி.ஏ.பி.எல். இருக்கு, அதுக்கு மேல ஒரு கோடும் இருக்கு, படிச்சு முடிக்காத டிகிரிக்கு போடறது. வக்கீலா ஆகாத ஒருத்தன் கோர்ட்டுக்கு வெளிய டீக்கடை பக்கத்துல நின்னு வாதாடுறான்னு கடைசி பாராவுல வருது.

கடைசியா ஒரே ஒரு டெக்னிக்கல் சந்தேகம். ஸ்க்ரீன்ஷாட் ஒட்டணும்னு சார் சொன்னாரு, ஓடிடில எடுத்தா வெறும் கருப்பா வருது. அப்புறம் நிமிச கணக்கு எழுதும்போது எந்த பிரிண்ட்னு சொல்லணுமா?

எடிட்_டேபிள்:

ஓடிடில ஸ்க்ரீன்ஷாட் வராது, அத வரவிடாம பூட்டி வச்சுருப்பாங்க. அதுக்கு வழி தேடி அலையாம யூடியூப்ல அதிகாரபூர்வமா போட்டுருக்கற ட்ரெய்லர், பாட்டு வீடியோல இருக்கற ஃப்ரேம எடுத்துக்க. அதுல இல்லாத ஷாட்ட பென்சில்ல கட்டம் போட்டு வரைஞ்சிரு, எது எடது எது வலது, ஆளு எங்க, தண்டவாளம் எந்த பக்கமா ஓடுதுன்னு தெரிஞ்சா போதும். என்னைய கேட்டா ஸ்க்ரீன்ஷாட்ட விட அது நல்லது, வரையும்போது ஃப்ரேம்ல என்ன இருக்குன்னு நீயே ஒழுங்கா பாப்ப.

நிமிசம் எழுதுனா எதுல பாத்தன்னு கண்டிப்பா எழுது, ஒவ்வொண்ணுலயும் முன்னாடி வர்ற லோகோ, கார்டு எல்லாம் வேற நீளத்துல இருக்கும், கணக்கு தள்ளி போயிரும். ராத்திரி சீன பிரிண்ட் எடுக்கறதா இருந்தா பிரைட்னஸ் கொஞ்சம் ஏத்திட்டு குடு, இல்லன்னா ஜெராக்ஸ் கடைல மொத்தமா கருப்படிச்சு குடுத்துருவாங்க.

பாளை_விஸ்காம்:

பென்சில் ஐடியா சூப்பர் அண்ணாச்சி. டிராயிங் வராது, ஆனா கட்டமும் கோடும்தானே, போட்டுருதேன். திங்கக்கெழம குடுக்கணும்.

ஜங்ஷன்_ராசா:

மார்க்கு வந்ததும் இங்க போடு. பனை மரத்துக்கு தனியா ரெண்டு மார்க்கு கேளு.